தெரிந்த சொற்கள், புரியாத வாக்கியம்: சிக்கலான ஆங்கிலத்தைப் பிரித்துப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓர் ஆங்கில வாக்கியத்தில் உள்ள எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரியும். ஆனாலும் வாக்கியம் பிடிபடவில்லை. ஆங்கிலம் கற்பவர்கள் மிகவும் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். அகராதியைப் புரட்டிப் பயனில்லை, ஏனென்றால் தெரியாத சொல் எதுவும் அங்கே இல்லை. உடனே "நமக்குச் சொல்வளம் போதாது" என்று முடிவுகட்டி, புதிய சொற்பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். அந்த உழைப்பு என்றைக்காவது உதவும். ஆனால் இந்தச் சிக்கலை அது தீர்க்காது. ஒவ்வொரு சொல்லும் எந்தச் சொல்லோடு போய்ச் சேர்கிறது என்பது தெரியாததுதான் இங்கே உண்மையான தடை.

தமிழில் "நாய் பூனையைத் துரத்தியது" என்றாலும் "பூனையை நாய் துரத்தியது" என்றாலும் பொருள் மாறாது. யார் துரத்தியது, யாரைத் துரத்தியது என்பதை "ஐ" உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி உருபு இல்லை. சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்தும். இன்னொன்று, தமிழில் வினைமுற்று கடைசியில் வரும்; ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்கும்; பெயரைப் பற்றிய நீண்ட விளக்கம் அதன் பின்னால் தொங்கும். கீழே வரும் படிகளில் பாதிக்கும் மேல் இந்த இரண்டு வேறுபாடுகளிலிருந்து பிறந்தவை.

ஆங்கில எடுத்துக்காட்டுகளை ஒலிப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தால் இன்னும் நல்லது.

படி 1: முதன்மை வினையைக் கண்டுபிடியுங்கள்

எவ்வளவு நீளமான வாக்கியமானாலும் அதற்கு ஒரு முதுகெலும்பு உண்டு: ஓர் எழுவாய், ஒரு முதன்மை வினை. மற்ற எல்லாம் அதில் ஒட்டியிருப்பவை. புரியாத வாக்கியத்தைக் கண்டால் முதல் சொல்லிலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். முதலில் வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

"தி ரிப்போர்ட் தி கமிட்டி பப்ளிஷ்ட் லாஸ்ட் இயர் ஆன் தி சேஃப்டி ஆஃப் ஓல்ட் பிரிட்ஜஸ் ஹேஸ் பீன் இக்னோர்ட்."

இங்கே இரண்டு வினைகள்: "பப்ளிஷ்ட்", "ஹேஸ் பீன் இக்னோர்ட்". ஒவ்வொன்றிடமும் "இதைச் செய்தது யார், அல்லது இது யாருக்கு நடந்தது?" என்று கேளுங்கள். வெளியிட்டது குழு. கண்டுகொள்ளாமல் விடப்பட்டது அறிக்கை. அப்படியானால் முதுகெலும்பு "தி ரிப்போர்ட் ஹேஸ் பீன் இக்னோர்ட்" மட்டுமே. நடுவில் உள்ள அத்தனையும் "எந்த அறிக்கை?" என்ற ஒரே கேள்விக்குப் பதில்.

இதில் கற்பவரைத் தடுக்கி விழவைப்பது "தி ரிப்போர்ட் தி கமிட்டி" என்று இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும் இடம். இணைப்புச் சொல்லோ காற்புள்ளியோ இல்லாமல் இப்படி இரண்டு பெயர்கள் மோதிக்கொண்டால், நடுவில் ஒரு "தட்" மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டென்மார்க் இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் இத்தகைய கட்டமைப்பைத் "தொடு வாக்கியம்" என்ற பொருளில் "கான்டாக்ட் கிளாஸ்" என்று அழைத்தார். பேச்சிலும் எழுத்திலும் மிகச் சாதாரணமாக வருவது இது. அந்த "தட்"டை நீங்களே பென்சிலால் எழுதிச் சேர்த்துவிட்டால் வாக்கியம் தெளிந்துவிடும்.

தமிழில் இதே வேலையைப் பெயரெச்சம் செய்கிறது: "குழு சென்ற ஆண்டு வெளியிட்ட அறிக்கை". நம்முடைய "வெளியிட்ட" என்ற சொல்லைப் பார்த்ததுமே இது முற்றுவினை இல்லை, பின்னால் ஒரு பெயர் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். "வெளியிட்டது", "வெளியிட்ட", "வெளியிடப்பட்ட" மூன்றும் வேறுவேறு வடிவங்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு இந்த மூன்று வேலைகளையும் "எட்" ஈறு ஒன்றே செய்கிறது. குழப்பத்தின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்க மொழியியலாளர் தாமஸ் பீவர் 1970-இல் எடுத்துக்காட்டிய வாக்கியம்: "தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்." ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே கடைசிச் சொல்லில் முட்டி நிற்பார்கள். "குதிரை கொட்டகையைத் தாண்டி ஓடியது" என்று படித்து முடித்த பிறகு "ஃபெல்" என்று இன்னொரு வினை வருகிறது. உண்மையில் "ரேஸ்ட்" இங்கே முற்றுவினையே இல்லை: "கொட்டகையைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது" என்பதுதான் பொருள்.

இப்படிப்பட்ட இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. "எட்" ஈற்று வினைக்குப் பதிலாக, வடிவம் வேறுபடும் ஒரு வினையைப் போட்டுப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, குதிரையேறி ஓட்டுவதைக் குறிக்கும் "ரைட்" வினைக்கு "ரோடு" (ஓட்டினார்), "ரிடன்" (ஓட்டப்பட்ட) என்று இரண்டு வடிவங்கள். "ரேஸ்ட்" இருக்கும் இடத்தில் "ரோடு" பொருந்துகிறதா, "ரிடன்" பொருந்துகிறதா? "தி ஹார்ஸ் ரிடன் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்" என்றால் குழப்பமே இல்லை. "ரிடன்" பொருந்தினால் அது பெயரெச்சம்; "ரோடு" பொருந்தினால் முற்றுவினை.

சொல்லின் வகையே ஏமாற்றும் இடங்களும் உண்டு. "தி ஓல்ட் மேன் தி போட்." இதில் "ஓல்ட்" பெயர், முதியவர்கள் என்று பொருள், "மேன்" வினை, ஆளாக நின்று இயக்குவது. முதியவர்கள்தான் படகை இயக்குகிறார்கள். வாக்கியத்தில் வினையே காணவில்லை என்று தோன்றினால், பெயர் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு சொல்தான் வினை.

முதுகெலும்பு கிடைத்ததும், பின்னாலிருந்து முன்னால் போய்த் தமிழாக்க முயலாதீர்கள். பலர் ஆங்கில வாக்கியத்தின் இறுதிவரை போய், அங்கிருந்து திரும்பி நடந்து பொருள் சேர்க்கிறார்கள். படிக்கும்போதாவது இது முடியும்; கேட்கும்போது முடியவே முடியாது. அதற்குப் பதிலாக வந்த வரிசையிலேயே கேள்வி கேட்டுக்கொண்டு போங்கள். அறிக்கை, எந்த அறிக்கை? குழு வெளியிட்டது, எப்போது? சென்ற ஆண்டு, எதைப் பற்றி? பழைய பாலங்களின் பாதுகாப்பு; சரி, அந்த அறிக்கைக்கு என்ன ஆயிற்று? ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சில வாரங்கள் இப்படிப் பழகினால் கேள்விகள் தாமாகவே எழும்.

படி 2: ஒட்டுவது எங்கே என்று பாருங்கள்

"ஐ சா தி மேன் வித் தி டெலஸ்கோப்." தொலைநோக்கி யாரிடம் இருக்கிறது? என்னிடம் இருக்கலாம், அந்த மனிதரிடமும் இருக்கலாம். தமிழில் "தொலைநோக்கியால் பார்த்தேன்" என்றோ "தொலைநோக்கி வைத்திருந்தவரைப் பார்த்தேன்" என்றோ தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வடிவில் விட்டுவிடும். "வித்", "இன்", "ஆன்", "ஃபார்" போன்ற முன்னிடைச் சொற்கள் வரும்போதெல்லாம், அவை பக்கத்துப் பெயரோடு சேர்கின்றனவா, தூரத்து வினையோடு சேர்கின்றனவா என்று ஒரு கணம் நின்று பாருங்கள். சூழல் பெரும்பாலும் விடை தந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது "நாட்" வந்து பின்னால் "பிகாஸ்" வருவது. "ஹி டிட்ன்ட் லீவ் பிகாஸ் ஹி வாஸ் ஆங்க்ரி." கோபத்தில் இருந்ததால் அவர் போகவில்லை என்றும் கொள்ளலாம், அவர் போனார், ஆனால் காரணம் கோபம் இல்லை என்றும் கொள்ளலாம். முதல் பொருளில் போகவே இல்லை, இரண்டாவதில் போய்விட்டார். கவனமாக எழுதுபவர்கள் முதல் பொருளுக்கு "பிகாஸ்" முன்னால் காற்புள்ளி இடுவார்கள்.

காற்புள்ளியைப் பற்றிச் சொல்லும்போதே இன்னொன்று. "தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேட் பிராக்டிஸ்ட் பாஸ்ட்" என்றால் பயிற்சி செய்த மாணவர்கள் மட்டும் தேறினார்கள். "ஹூ" முன்னும் "பிராக்டிஸ்ட்" பின்னும் காற்புள்ளி இட்டால், மாணவர்கள் எல்லாரும் பயிற்சி செய்திருந்தார்கள், எல்லாரும் தேறினார்கள். தமிழில் "பயிற்சி செய்திருந்த மாணவர்கள் தேறினார்கள்" என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் இடம்கொடுப்பதால், இந்தக் காற்புள்ளிகளை நம் கண் எளிதில் தாண்டிப் போய்விடுகிறது. ஒப்பந்தம், விதிமுறை போன்றவற்றைப் படிக்கும்போது இதை மறக்கவே கூடாது.

படி 3: வரிசை புரண்டிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்

ஆங்கிலத்தில் இடமே இலக்கணம் என்பதால், இடத்தை மாற்றினால் அது ஒரு சைகை. துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்தால் கேள்வி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். கேள்விக்குறி இல்லாமல் அப்படி வந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, "இஃப்" மறைந்திருக்கிறது. "ஹேட் ஐ நோன்" என்றால் "எனக்குத் தெரிந்திருந்தால்". "வேர் இட் நாட் ஃபார் யூ" என்றால் "நீங்கள் இல்லாவிட்டால்". "ஷுட் யூ நீட் ஹெல்ப்" என்றால் "உதவி தேவைப்பட்டால்". இதில் "ஷுட்" கடமையைக் குறிப்பதே இல்லை. ஹேட், வேர், ஷுட் என்ற இந்த மூன்றை நினைவில் வைத்தால் போதும்.

இரண்டாவது, எதிர்மறையோ குறைத்துச் சொல்லும் சொல்லோ வாக்கியத்தின் தலைக்கு வந்திருக்கிறது. நெவர், லிட்டில், ஹார்ட்லி, நாட் ஒன்லி, ஒன்லி தென், நோ சூனர் போன்றவை தலையில் அமர்ந்தால், பின்னால் வரிசை புரளும். "நோ சூனர் ஹேட் ஹி லெஃப்ட் தேன் தி ஃபோன் ரேங்" என்றால் "அவர் கிளம்பியதுதான் தாமதம், தொலைபேசி ஒலித்தது". "லிட்டில் டிட் ஹி நோ" என்றால் "அவருக்குக் கொஞ்சம் தெரியும்" என்பதல்ல. "அவருக்குத் துளியும் தெரியாது". புரண்ட வரிசையைச் சரியாக்கி எழுதிப் பாருங்கள். வாக்கியம் பழகிய முகத்தைக் காட்டிவிடும்.

படி 4: எதிர்மறை எங்கே ஒளிந்திருக்கிறது?

எந்த நிலையில் கற்பவரானாலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது என்பேன். மற்ற பிழைகளில் பொருள் மங்கும். இங்கே பொருள் தலைகீழாகிவிடும்.

"நாட்" இல்லாத எதிர்மறைகளிலிருந்து தொடங்கலாம். "டூ டயர்ட் டு ஈட்" என்பதில் மறுப்புச் சொல்லே இல்லை. ஆனால் "சாப்பிட முடியாத அளவுக்குக் களைப்பு" என்று தமிழில் மறுப்பு வந்தே தீரும். "ஹி ஃபெய்ல்ட் டு ரிப்ளை" என்றால் பதில் எழுத முயன்று தோற்றார் என்பதல்ல, பதில் தரவில்லை. "ஹி இஸ் தி லாஸ்ட் பர்சன் டு லை" என்றால் கடைசியாகப் பொய் சொன்னவர் அல்ல, பொய் சொல்லவே மாட்டார். "ஃபியூ" என்றால் இல்லை என்ற பக்கம் சாய்கிறது, "எ ஃபியூ" என்றால் உண்டு என்ற பக்கம். "ஃபியூ கேம்" என்பதை "வந்தவர்கள் மிகக் குறைவு" என்றும் "எ ஃபியூ கேம்" என்பதை "சிலர் வந்தார்கள்" என்றும் சொன்னால் வேறுபாடு சரியாக வந்துவிடும். "லிட்டில்", "எ லிட்டில்" இரண்டும் அதே மாதிரி.

அடுத்து "பட்" சேர்ந்த மூன்று. இவற்றை ஒன்றாக வைத்தே கற்க வேண்டும். "எனிதிங் பட் ஈஸி" என்றால் எளிதே அல்ல. "நத்திங் பட் ட்ரபிள்" என்றால் தொல்லையைத் தவிர வேறில்லை. "ஆல் பட் ஃபினிஷ்ட்" என்றால் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இங்கே "பட்" என்பதற்கு "ஆனால்" என்று பொருள் கொண்டால் எதுவும் தேறாது; "தவிர" என்று வைத்துப் பாருங்கள். எளிது என்பதைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கலாம், அதாவது எளிதல்ல. மூன்றும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

"நாட் அன்டில்" தமிழருக்கு ஒரு தனிப் பொறி. "ஹி டிட்ன்ட் கம் அன்டில் சிக்ஸ்." சொல்லுக்குச் சொல் போட்டால் "ஆறு மணி வரை அவர் வரவில்லை". தவறில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்தாரா என்பது தமிழில் தொங்கலில் நிற்கிறது. ஆங்கில வாக்கியம் பொதுவாகத் தரும் செய்தி, அவர் ஆறு மணிக்கு வந்தார் என்பது. "ஆறு மணிக்குத்தான் வந்தார்" என்று "தான்" சேர்த்தால் சரியாக அமர்கிறது.

எதிர்மறையோடு அளவுச் சொல் சேர்ந்தால் முழு ஒப்புதலாக மாறும் வாக்கியங்களும் உண்டு. "ஐ குட்ன்ட் அக்ரீ மோர்" என்பதைக் கேட்டு, எதிராளி மறுக்கிறார் என்று நினைப்பவர்கள் பலர். இதற்கு மேல் ஒத்துப்போக இடமே இல்லை, அவ்வளவு முழுமையாக ஒத்துக்கொள்கிறேன் என்பதே பொருள். "யூ கேன்ட் பி டூ கேர்ஃபுல்" என்றால் "எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும்".

எதிர்மறைகள் அடுக்கி வரும்போது ஆங்கிலேயருக்கே தலை சுற்றும். உளவியலாளர் பீட்டர் வேசனும் அவருடைய சக ஆய்வாளரும் 1979-இல் ஆராய்ந்த வாக்கியம் இது: "நோ ஹெட் இஞ்சுரி இஸ் டூ ட்ரிவியல் டு பி இக்னோர்ட்." படிப்பவர்கள் பொதுவாக இதை "எவ்வளவு சிறிய தலைக்காயத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதே அச்சில் "நோ மிசைல் இஸ் டூ ஸ்மால் டு பி பேன்ட்" என்று வைத்துப் பாருங்கள்: எவ்வளவு சிறிய ஏவுகணையையும் தடை செய்யலாம். அப்படியானால் முதல் வாக்கியம் சொல்வது "எவ்வளவு சிறிய தலைக்காயத்தையும் அலட்சியம் செய்யலாம்"! இலக்கணம் ஒன்று சொல்ல, உலக அறிவு வேறொன்றைப் படித்துவிடுகிறது. அடுக்கு எதிர்மறை வாக்கியம் உங்களுக்குப் புரியவில்லை என்றால் அது உங்கள் ஆங்கிலத்தின் குறை என்று நினைக்க வேண்டாம்.

கடைசியாக, பதில் சொல்லும் முறை. "வேண்டாமா?" என்று கேட்டால் நாம் "ஆமாம், வேண்டாம்" என்போம், கேட்டவரின் கூற்றை ஆமோதிக்கிறோம். ஆங்கிலத்தில் "டோன்ட் யூ வான்ட் இட்?" என்றால், வேண்டாம் என்பவர் "நோ" என்றே சொல்ல வேண்டும், "யெஸ்" என்றால் வேண்டும் என்று பொருள். கேள்வியின் வடிவத்தை மறந்து, உண்மை நிலை உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள். "வுட் யூ மைன்ட் ஓப்பனிங் தி விண்டோ?" என்பதும் இந்த வகைதான். "மைன்ட்" என்றால் ஆட்சேபம். ஆகவே இசைகிறவர் சொல்வது "நாட் அட் ஆல்".

படி 5: காலம் காட்டாத கால வடிவங்கள்

"மஸ்ட் ஹேவ் கான்", "ஷுட் ஹேவ் கான்" இரண்டையும் தமிழில் "போயிருக்க வேண்டும்" என்றே எழுதிவைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இவை எதிரும் புதிரும். முதலாவது ஊகம்: நிச்சயம் போயிருப்பார். இரண்டாவது குறை: போக வேண்டியவர், போகவில்லை. இதே போல "மைட் ஹேவ் கான்", "குட் ஹேவ் கான்" இரண்டுக்கும் "போயிருக்கலாம்" என்று எழுதுகிறோம். முதலாவது, போனாரோ என்னவோ. இரண்டாவது பெரும்பாலும், போக வாய்ப்பிருந்தும் போகவில்லை. குறிப்பேட்டில் தமிழ்ப் பொருளை இந்த நீளத்தோடுதான் எழுத வேண்டும்; சுருக்கினால் வேறுபாடு தொலைந்துவிடும்.

இறந்தகால வடிவம் எப்போதும் இறந்தகாலம் அல்ல. நடைமுறையில் இல்லாததைச் சொல்லவும் ஆங்கிலம் அதையே எடுத்துக்கொள்கிறது. "இட் இஸ் டைம் வி லெஃப்ட்" என்றால் நாம் கிளம்பிவிட்டோம் என்பதல்ல. இன்னும் கிளம்பவில்லை, கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. "ஐ விஷ் ஐ நியூ" என்றால் இப்போது எனக்குத் தெரியாது. "ஐட் ராதர் யூ டிட்ன்ட்" என்றால் நீங்கள் செய்யாமல் இருப்பதே நல்லது.

"யூஸ்ட் டு" மூன்று வேடம் போடும். "ஐ யூஸ்ட் டு வாக்": முன்பெல்லாம் நடப்பேன், இப்போது இல்லை. "ஐ ஆம் யூஸ்ட் டு வாக்கிங்": நடந்து பழக்கப்பட்டவன். "இட் இஸ் யூஸ்ட் டு கட் வுட்": மரம் அறுக்கப் பயன்படுகிறது. முன்னால் "ஆம், இஸ், ஆர்" இருக்கிறதா, பின்னால் "இங்" வருகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் பிரித்துவிடலாம்.

"ஐ ஹேட் மை வாட்ச் ரிப்பேர்ட்" என்றால் வேறொருவரிடம் கொடுத்துப் பழுதுபார்த்து வாங்கினேன். "ஐ ஹேட் ரிப்பேர்ட் மை வாட்ச்" என்றால் நானே சரிசெய்திருந்தேன். ஒரு சொல் இடம் மாறியதில் செய்தவரே மாறிவிட்டார்.

படி 6: கூட்டாகப் பொருள் தரும் தொடர்கள்

அறிவியல் கட்டுரையைத் தடையில்லாமல் படிப்பவர், இரண்டு நண்பர்களின் சாதாரண உரையாடலில் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தின் அடித்தளம் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்களும், அறிஞர்கள் வழியாக இலத்தீன் சொற்களும் மேல்தளத்தில் வந்து படிந்தன. அதனால் பல கருத்துகளுக்கு இரண்டு சொற்கள்: எழுத்தில் "போஸ்ட்போன்", பேச்சில் "புட் ஆஃப்", எழுத்தில் "டாலரேட்", பேச்சில் "புட் அப் வித்". பாடநூல் வழியாக ஆங்கிலம் கற்றவர்களுக்கு மேல்தளம் நன்றாகத் தெரியும். பேசுபவர்கள் புழங்குவது கீழ்த்தளத்தில்.

"புட்" தெரியும், "அப்" தெரியும், "வித்" தெரியும். மூன்றும் சேர்ந்தால் "பொறுத்துக்கொள்" என்பது எப்படி வந்தது? தமிழர் இதைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. நம்மிடமும் "கண்டுபிடி" இருக்கிறது. அதில் காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாக இல்லை. "விட்டுக்கொடு" என்பதை விடுதல், கொடுத்தல் என்று பிரித்தால் பொருள் கிடைக்காது. "பார்" வேறு, "பார்த்துக்கொள்" வேறு. கூட்டுவினையை ஒரே சொல்லாகக் கற்ற நாம், ஆங்கிலக் கூட்டுவினையையும் ஒரே சொல்லாகவே கற்க வேண்டும்.

வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தச் சிறு சொற்கள் முழுக்கக் காரணமில்லாமல் வருபவையும் அல்ல. "ஈட் அப்", "யூஸ் அப்", "டிரிங்க் அப்" என்பவற்றில் "அப்" முழுமையைக் காட்டுகிறது. நம்முடைய "தின்றுவிடு", "தீர்த்துவிடு" போல. "கேரி ஆன்", "ரீட் ஆன்" என்பவற்றில் "ஆன்" தொடர்ச்சியைக் காட்டுகிறது. "படித்துக்கொண்டே இரு" என்பது போல. இந்த இரண்டு சாயல்களை மனத்தில் வைத்தாலே முன்பின் பார்க்காத தொடர்களில் கணிசமானவற்றை ஊகிக்கலாம். ஊகம் எல்லா இடத்திலும் பலிக்காது. "மேக் அப்" ஒன்றுக்கே கதைகட்டுதல், சமாதானமாதல், ஈடுசெய்தல் என்று பல பொருள்கள்.

படிக்கும்போது ஏமாற்றும் இன்னொரு பழக்கம், இந்தக் கூட்டு பிரிந்து நிற்பது. "ஷி டர்ன்ட் தி ஆஃபர் ஹி மேட் டவுன்" என்ற வாக்கியத்தில் "டர்ன்ட்" ஓரிடம், "டவுன்" வேறிடம். இரண்டும் சேர்ந்தால்தான் "மறுத்துவிட்டார்". வாக்கியத்தின் கடைசியில் "அப்", "டவுன்", "ஆஃப்", "அவுட்" என்று ஒரு சிறு சொல் அநாதையாக நின்றால், இடப்பக்கம் திரும்பிப் போய் அதன் வினையைத் தேடுங்கள்.

மரபுத்தொடர்களில் எனக்குள்ள பெரிய கவலை, தமிழைப் போலவே தோன்றி ஏமாற்றுபவை. "புல் சம்ஒன்ஸ் லெக்" என்பதைப் பார்த்ததும் நமக்குக் "காலை வாருவது" நினைவுக்கு வரும். தமிழில் அது துரோகம். ஆங்கிலத்தில் அது வெறும் கேலி, சீண்டல். "ஈட் ஒன்ஸ் வேர்ட்ஸ்" என்பது வார்த்தையை மென்று விழுங்குவதல்ல. தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வது. "லூஸ் ஒன்ஸ் ஹெட்" என்றால் தலை போவதல்ல, பதறி நிதானம் இழப்பது. மாறாக, "வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆஃப்" அப்படியே நம்முடைய "கைகழுவிவிடு"தான். "பைட் தி டஸ்ட்" பெரும்பாலும் "மண்ணைக் கவ்வு"தான். எது ஒத்துப்போகும், எது காலை வாரும் என்பதை ஊகிக்க முடியாது என்பதால், தமிழை ஒத்த தொடரைத்தான் முதலில் அகராதியில் சரிபார்க்க வேண்டும்.

அகராதி என்றதும், கற்போருக்கென்றே செய்யப்பட்டதைப் பயன்படுத்துங்கள். ஆக்ஸ்ஃபர்டு, கேம்ப்ரிட்ஜ், லாங்மேன் நிறுவனங்கள் இத்தகைய அகராதிகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. லாங்மேன் 1978-இல் வெளியிட்ட கற்போர் அகராதி, ஏறத்தாழ 2000 எளிய சொற்களை மட்டும் கொண்டு விளக்கங்களை எழுதியது. ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பெரும்பாலும் சொல்லுக்குப் பொருள் தரும், தொடருக்குத் தருவது குறைவு. தொடரைத் தேடும்போது அதிலுள்ள கனமான சொல்லின் கீழ் போய், மரபுத்தொடர்ப் பகுதியைப் பாருங்கள்.

படி 7: சொன்னதும் சொல்லவந்ததும்

இதற்கு அதிக இடம் தேவையில்லை. கேட்கக் கேட்கப் பழகிவிடும். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கினால் பெரும்பாலும் பயம் இல்லை. "மன்னிக்க வேண்டும், ஆனால்" என்று பொருள், பின்னால் நல்ல செய்தி வராது. "யூ மைட் வான்ட் டு செக் திஸ்" என்றால் உங்கள் விருப்பத்தைப் பற்றிய ஊகம் அல்ல. "இதைச் சரிபாருங்கள்" என்ற பணிவான அறிவுரை. "ஹவ் கம்?" என்றால் "எப்படி வந்தீர்கள்" என்பதல்ல, "ஏன், எப்படி அப்படி ஆயிற்று?"

படி 8: பயிற்சி

ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும். அன்று படித்ததில் உங்களை நிறுத்திய ஒன்றை முழுதாக எழுதுங்கள்; தனித் தொடரை மட்டும் எழுதினால் சில நாளில் அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. வினைகளை அடிக்கோடிட்டு, முதுகெலும்பைத் தனியே எழுதி, மறைந்திருக்கும் "தட்", "இஃப்" முதலியவற்றை நிரப்பி, கடைசியில் நல்ல தமிழில், பேசும் தமிழிலேயே எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிய தமிழ் வந்தால் உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று பொருள். பிறகு அந்த ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு நிறுத்துகிறீர்களோ அங்கேதான் பெரும்பாலும் கட்டமைப்பின் எல்லை இருக்கும்.

எல்லாம் சேர்ந்து வரும் ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

"ஹேட் தி வார்னிங் தி என்ஜினியர்ஸ் புட் அவுட் நாட் பீன் பிரஷ்ட் அசைட், ஃபியூ ஆஃப் தி பிராப்ளம்ஸ் தட் டர்ன்ட் அப் லேட்டர் வுட் ஹேவ் பீன் எனிதிங் பட் மைனர்."

"ஹேட்" தலையில் நிற்கிறது, கேள்விக்குறி இல்லை: மறைந்திருப்பது "இஃப்". "தி வார்னிங் தி என்ஜினியர்ஸ்" என்று இரண்டு பெயர்கள் மோதுகின்றன: நடுவில் "தட்". "புட் அவுட்" ஒரே சொல், இங்கே வெளியிடுவது. "பிரஷ்ட் அசைட்" ஒரே சொல், ஒதுக்கித் தள்ளுவது. ஆக முதல் பாதி: பொறியாளர்கள் விடுத்த எச்சரிக்கை ஒதுக்கப்படாமல் இருந்திருந்தால்.

காற்புள்ளிக்குப் பின் முதன்மை வினை "வுட் ஹேவ் பீன்". "டர்ன்ட் அப்" பெயரெச்சத்தின் வேலையில், தலைதூக்கிய சிக்கல்கள் என்று சொல்கிறது. எழுவாய் "ஃபியூ", "எ ஃபியூ" அல்ல. ஆகவே இல்லை என்ற பக்கம் சாய்கிறது. "எனிதிங் பட் மைனர்" என்றால் சிறியது அல்ல. சிறியதாக இல்லாமல் போயிருக்கக்கூடியவை மிகக் குறைவு. இரண்டு எதிர்மறைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

தமிழில்: "பொறியாளர்கள் விடுத்த எச்சரிக்கையைத் தட்டிக்கழிக்காமல் இருந்திருந்தால், பின்னால் தலைதூக்கிய சிக்கல்களில் பெரும்பாலானவை சிறிய அளவோடு நின்றிருக்கும்." வாக்கியம் நேரடியாகச் சொல்லாமல் உணர்த்துவது, எச்சரிக்கை தட்டிக்கழிக்கப்பட்டது, சிக்கல்கள் பெரிதாகவே வந்தன என்பது. அதைக் காட்டுவது "ஹேட்", "வுட் ஹேவ்" இரண்டும்தான்.